சம்பந்தியோடு ஒரு கப்பல்

பெண்ணைக் கொடுத்தவள் முதலில் உட்காரக் கூடாது, முதலில் சாப்பிடக் கூடாது. எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் இதை யாரும் சொல்லித் தருவதில்லை, தானாக வந்துவிடும். கப்பலிலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகளும் மருமகனும் இரண்டு அம்மாக்களுக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம், ஒரே அறை. வீட்டு ஆண்கள் கரும்பு வெட்டைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் திட்டம் எனக்குப் புரியாமல் இல்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரின் கடைசிப் பந்திக்குப் பாயசம் தீர்ந்துபோனது. அன்றிலிருந்து எலவனாசூர்கோட்டைச் சம்பந்தியம்மா என்னிடம் "நல்லா இருக்கீங்களா" என்பதற்கு மேல் பேசியதில்லை. நானும் இறங்கிப் போகிற ஆள் இல்லை. நடுவில் என் மகளுக்குத்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. என்னோடு போனில் பேசியதை மாமியாரிடம் சொல்ல மாட்டாள், அங்கே பேசியதை என்னிடம் சொல்ல மாட்டாள்.

முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில், வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

"நீங்க மொதல்ல எடுங்க" என்றேன்.

"பரவால்ல, நீங்க எடுங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா நிற்கும்போது நான் எப்படித் தட்டை நீட்டுவது? சோற்றுக்குப் பறந்தார் என்று நான் ஊரில் சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்தார்கள். கடைசியில் பாத்திரங்களையே எடுத்துப் போய்விட்டார்கள். அன்று அறையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவரவர் கொண்டுவந்த முறுக்கைக் கடித்தோம்.

மறுநாள், அறையைச் சுத்தம் செய்பவர் குளியல் துண்டை யானையாக மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தார். சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார். நான் குளித்துவிட்டு வந்தால் துவட்டத் துண்டு இல்லை.

"அத எடுக்கட்டுமாங்க?"

"புள்ளையாரப் பிரிச்சி ஒடம்பு தொடைப்பீங்களா? இன்னா நியாயம் இது?"

புடவையில் துவட்டிக்கொண்டேன். குங்குமத்தைப் பார்த்த அந்த மனிதர் எங்களுக்கு யானை ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்து, தினமும் யானையே செய்தார். நாலைந்து நாளில் கட்டிலில் எங்களுக்கு இடமில்லை. அதைப் பார்த்து முதன்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம். உடனே நிறுத்தியும் கொண்டோம்.

அன்று சாயங்காலம் கடல் கொந்தளித்தது. சத்துணவுக் கூட வேலைக்காக வருஷக்கணக்கில் வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் ஏறி இறங்கியவள் நான், எந்த வளைவும் என்னை ஒன்றும் செய்ததில்லை என்று அவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடிப்பதற்குள் அவர் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். பாயசத்துக்கே இத்தனை வருஷம் என்றால் இதற்கு எத்தனை ஜென்மமோ என்று நடுங்கிப்போனேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. கைக்கு எட்டிய ஒரு பிள்ளையாரை எடுத்து உதறி, என் வாயைத் துடைத்தார்.

"அவுரு ஒண்ணும் நெனைச்சிக்க மாட்டாரு. படுங்க."

ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பு நாரத்தங்காயில் ஒரு கீற்றை என் வாயில் வைத்தார். பிறகு தன் புடவையோடு என் புடவையையும் சேர்த்து அலசினார். மாப்பிள்ளையின் அம்மா என் புடவையை அலசுகிறார்! கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் என் அம்மா போன பிறகு எனக்கு யாரும் இப்படிச் செய்ததில்லை. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அந்தக் குமட்டலுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

கண்ணை மூடிக் கிடந்தபோது என் போன் அடித்தது. மகள்தான். சம்பந்தியம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒங்கம்மா இப்பதான் கண்ணசந்தாங்க. எழுப்ப மாட்டேன். எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லும்மா."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"எதுக்கும்மா அழுவுற? லேசா வாந்திதான். நான் பக்கத்துலயே குந்திக்கினு இருக்கேன் இல்ல!" என்றார் பதறிப்போய்.

என் மகள் என் வாந்திக்காக அழவில்லை. அது எனக்குத் தெரியும். கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன்.