முப்பத்தெட்டு வினாடி பின்னால்

அப்பா கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த நாளுக்கு என் நாட்குறிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது: "காலை 10.20. ஒரு துணிப்பை, ஒரு கைத்தடி." குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பில் விரிசல். இனித் தனியாக இருக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் இரண்டு வாரம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தேன். அதனால் அவர் பையைக் காலி செய்யவில்லை. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், கதவை ஒட்டி வைத்துக்கொண்டார். தினமும் அதிலிருந்து ஒரு சட்டை எடுப்பார். துவைத்து மடித்ததைத் திரும்ப அதிலேயே வைப்பார். வேலை முடிந்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான்.

கிள்ளானில் அவருடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், அப்பாவைவிட ஆறு வயது இளையவர். பேட்மிண்டன் ஆட்டம் என்றால் இருவரும் பார்ப்பார்கள், ஆனால் சேர்ந்து உட்கார்ந்து அல்ல. அவரவர் வீட்டில், அவரவர் நாற்காலியில். நம் ஆள் புள்ளி எடுத்தால் சுவரில் மூன்று தட்டு. புள்ளி போனால் ஒரே தட்டு. திட்டுவதற்குத் தட்டே தேவையில்லை, சுவரைத் தாண்டிக் கேட்கும். முப்பத்தொரு வருடமாக இப்படித்தான். அம்மா இறந்த பிறகு அந்தச் சுவர்தான் அப்பாவுக்குத் துணையாக இருந்தது என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் வெளிச்சுவரில் ஏரியல் மாட்ட அனுமதி இல்லை. ஜன்னலோரம் வைக்கும் சின்ன ஏரியலில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. என் கணவர்தான் தொலைக்காட்சியை வைஃபையில் இணைத்து, நேரடி ஒளிபரப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்தார். அப்பா தொலைக்காட்சிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏரியல் எங்கே?"

"தேவையில்லப்பா. காத்துல வருது" என்றேன்.

"ஏரியல்லயும் காத்துலதான் வருது" என்றார்.

முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை. சுவருக்குப் பதிலாக அப்பா கைப்பேசியில் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் சாய்த்து வைத்தார். எங்கள் திரையில் நம் ஆட்டக்காரர் இறகுப்பந்தைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அய்யோ! நெட்ல அடிச்சிட்டான் அண்ணே! முட்டாப் பய!" என்றது கைப்பேசி.

அப்பா கைப்பேசியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஆட்டக்காரர் பந்தைப் போட்டார், ஆடினார், வலையில் அடித்தார்.

அடுத்த புள்ளியும் அப்படியே. அதற்கடுத்ததும். நான்காவதில் அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். மீதி ஆட்டத்தைக் கைப்பேசியிலேயே கேட்டு முடித்தார்.

"லைவ்னு மேல எழுதியிருக்கு. இதுவா லைவ்? சிக்னல் இவ்ளோ லேட்டா விழுந்தா ரயில் என்ன ஆகும் தெரியுமா?" அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபைனல். அதுக்குள்ள என்னை வீட்டுல கொண்டு விட்டுடு. ரெண்டு வாரம்னுதானே சொன்னே?" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: அளந்தேன். கிள்ளானில் இரவுச் செய்தி தொடங்கியதும் ஒரு மிஸ்ட் கால் கொடுக்கும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். அதே செய்தி எங்கள் திரையில் எத்தனை வினாடி கழித்து வருகிறது என்று மூன்று நாள் குறித்தேன்: 38, 41, 37. ரவுட்டரை அலமாரிமேல் ஏற்றினேன். கேபிள் போட்டும் பார்த்தேன். ஏறக்குறைய அதே கணக்குதான்.

புதன்கிழமை ஷா ஆலமில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து நேராகக் கிள்ளானுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், அப்பாவின் செடிகளுக்கும் சேர்த்து. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணன் நமக்கு முப்பத்தெட்டு செகண்ட் பின்னாடி ஓடுறாரா?" என்று சிரித்தார். "ரயில்வேக்காரர் லா. லேட்டு பழக்கம்தான்."

"ஃபைனல் அன்னிக்கு நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அங்கிள். அப்பா தட்டுனதுக்கு அப்புறம் கத்துங்க."

"நானா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "நடக்கிற காரியமா கேளுமா. முப்பது வருஷமா நானும் சொல்லிப் பார்க்கிறேன், பிரேக்கே பிடிக்கல" என்றார்.

அங்கிள் சிரிக்கவில்லை. "பிரேக் பிடிக்கலைன்னா அண்ணன் இங்கேயே வந்துடுவாரா?"

"ஃபைனல் முடிஞ்ச மறுநாள், திங்கட்கிழமை கொண்டு விடுறேன்னு அப்பாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன், அங்கிள்."

குழாயை மூடினார். "வந்தா எனக்கு நல்லதுதான்மா. ஆனா அன்னிக்குக் கதவை உடைச்சு அவரைத் தூக்கினது நான்தான். இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது." பிறகு, "சரி. முயற்சி பண்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3.05. கைப்பேசி மேசைமேல். அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம்கூடக் கேட்கவில்லை. அங்கிள் ஒலியை முழுவதும் குறைத்திருந்தார். முதல் புள்ளி நமக்கு. அப்பா தயங்கி, எங்கள் வரவேற்பறைச் சுவரில் மூன்று முறை தட்டினார். உடனே கைப்பேசியிலிருந்து மூன்று தட்டும், அடக்கி வைத்திருந்த ஒரு கூச்சலும் வெளியே வந்தன. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் எங்கள் திரையில் பத்தொன்பதுக்கு இருபது. இன்னும் ஒரு புள்ளி போனால் முடிந்தது. எதிராளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், தரையைத் துடைத்தார்கள்.

"லைன்ல இருக்கியா?" என்றார் அப்பா.

"இருக்கேன் அண்ணே."

"அவனுக்கு மூச்சு வாங்குது பாரு. இது நம்மதுதான். எழுதி வெச்சுக்கோ."

"பார்ப்போம் அண்ணே. ஆடட்டும்."

அப்பா எதிராளியின் களைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் "ம்", "ஆமாண்ணே". நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்கள் திரையிலும் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

அப்பா எழுந்து போய்ச் சுவரில் ஒரு முறை தட்டினார். கிள்ளானிலிருந்து ஒரு தட்டு வந்தது. "போச்சு அண்ணே" என்று அவர் அப்போதுதான் பார்த்ததுபோலச் சொன்னார். "வெளியவா விழுந்துச்சு? எனக்குச் சரியாத் தெரியல."

"ஒரு விரல் அகலம்டா" என்று தொடங்கிய அப்பா இருபது நிமிடம் பேசினார்.

பேசி முடித்து, கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டபின் என்னிடம் சொன்னார்: "அவனுக்கு முன்னாடியே தெரியும். நான் நம்மதுதான், நம்மதுதான்னு கத்துறேன், வாயைத் திறக்கல பாரு."

பக்கத்து வீட்டு அங்கிளுக்கு நான் இன்னும் நேரில் நன்றி சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வார். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"போகலாமாப்பா?"

"எங்கே?" என்றார். "பையில சட்டையெல்லாம் கசங்கிப் போகுது. நாலு ஹேங்கர் இருந்தா கொடு."