செல்வி குளிப்பாட்டிய கிடா

மலாயாவில், இந்த ஈப்போ நகரத்தில் பிள்ளைகளின் கதைப் புத்தகத்தில் எழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பக்கம் முழுக்கப் படம். அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி, அதுவும் இங்கிலீஷில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கப்பலேறிய எனக்கு இது ஒருவகையில் வசதிதான். என் மகள் செல்வி பள்ளியில் பரிசாக வாங்கிவந்ததைப் படம் பார்த்தே வாசித்துவிட்டேன். ஒரு சிறுமியும் சர்க்கஸ் கரடியும் சிநேகிதம். சிறுமி அதைக் குளிப்பாட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் கூண்டைத் திறந்துவிடுகிறாள். கரடி மலைக்குப் போகிறது. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவளுடைய சீன டீச்சரம்மாவிடம் கடைத்தெருவில் எனக்குப் பழகிய பசார் மலாய்ப் பேச்சில் கேட்டேன்: மலையில் அதற்கு யார் சோறு போடுவார்கள்? நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன்.

போன வருஷம் அந்தப் புத்தகத்தோடுதான் ஊருக்குப் போனோம். கறம்பக்குடிப் பக்கம் எங்கள் கிராமம். செல்வி விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் எங்கள் கருப்பருக்குக் கிடா வெட்டுவதாக இங்கிருந்தே நேர்ந்துகொண்டேன். அக்கா ஒரு குட்டியை வாங்கி வளர்த்துவைத்திருந்தாள். போய் இறங்கிய அன்றே செல்வி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கரடிப் படம் காட்டினாள். கிடா ஒரு பக்கத்தின் ஓரத்தைத் தின்றது. எதற்காக அதை வளர்க்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

"நான் சாகாம இருக்கறதுக்கு அது ஏம்ப்பா சாகணும்?" என்றாள் செல்வி.

நான் செருப்பைத் தேடுவதுபோல் வெளியே போய்விட்டேன். வெட்டினால் பிள்ளையின் முகத்தில் விழிக்க முடியாது. வெட்டாவிட்டால் காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று பயம். போகவர அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டு அதுவே சூடாகிவிட்டது. அவளோ, சொந்தக்காரர்களுக்கென்று நான் கொண்டுபோன வாசனைச் சோப்பை எடுத்துக் கிணற்றடியில் கிடாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மலாயாப் பிள்ளை, காலையும் மாலையும் குளித்தாக வேண்டும். கிடாவுக்கும் அதே சட்டம்.

எங்கள் வழக்கம் அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடாவுக்கு மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்கப்புறம்தான் அரிவாள். பூசாரி தெளித்தார். கிடா அசையவில்லை. ஒரு செம்பு முழுக்க ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, சோப்புக்குக் காத்திருப்பதுபோல் நின்றது.

"என்னங்க, சிலுப்ப மாட்டேங்குது? நேத்திக்கடன்ல ஏதும் கொறை வச்சீங்களா?" என்றார் பூசாரி. நான் செல்வியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"கொறையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் அக்கா. "இவன் மக தெனம் ரெண்டு வேளை குளிப்பாட்டுனா அது எங்கிட்டுச் சிலுப்பும்? ஒன்னயவிடச் சுத்தமா இருக்குடா தம்பி அது."

கூட்டம் சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை, மறுபடியும் ஊற்றிப் பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். "சாமி வேணாங்குது. சாமிக்கே விட்டுருங்க. இனிமே அதை யாரும் கட்டக் கூடாது, வெட்டக் கூடாது."

"காய்ச்சல் திரும்பாதுங்களே?" என்றேன்.

"பிள்ளைக்கு ஒண்ணும் வராது. ஒங்களுக்குத்தான் வரும்போல இருக்கு. போய் உக்காருங்க."

செல்விதான் கயிற்றை அவிழ்த்தாள். கிடா நேரே பொங்கல் பானைக்குப் போனது. "மலாயாவுலேர்ந்து வந்து வெறும் பொங்கச்சோறு போட்ட மொத ஆளு நீங்கதான் மாமா," என்றான் அக்கா மகன்.

இப்போது ஊரிலிருந்து வரும் சேதியெல்லாம் கிடாவைப் பற்றித்தான். கடலைக்கொல்லையில் இறங்கியதாம், டீக்கடை பன்னைத் தின்றதாம். சாமி கிடா என்பதால் யாரும் கை ஓங்குவதில்லை. அதற்குப் பெயரே மலாயாக்காரர் என்று ஆகிவிட்டதாம். செல்வி நன்றாக இருக்கிறாள். அவள் தும்மினால் மட்டும் எனக்கு வியர்க்கிறது. ஈப்போ மளிகைக்கடையில் முதலாளியின் குரலுக்கு நான் மூட்டை தூக்கி ஓடுகிற நேரத்தில், ஊர்க் கடைத்தெருவில் மலாயாக்காரர் கயிறில்லாமல் நடந்துபோகிறார். எல்லோரும் வழி விடுகிறார்கள்.