மகளின் சுட்டெண்

அன்று எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களை ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் இயக்கினார்கள். ஏதும் பழுதா என்று கேட்டேன். பிள்ளைகள் பரீட்சைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு வீதியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார் போர்மன் பாக். கொரியாவில் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை நாளில் இப்படித்தானாம். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கூடப் பறக்காதாம். போன வருடம் நான் மீன் பண்ணையில் வேலை செய்தேன். மீன்களுக்குப் பரீட்சை இல்லாததால் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. பகல் சாப்பாட்டு மேசையில் பாக் இன்னொன்றும் சொன்னார். அவருடைய மகனும் இன்று எழுதுகிறானாம், மூன்றாவது தடவையாக. உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்கிற குரலில் அதைச் சொல்லிவிட்டு சூப்பைக் குடித்தார். நான் கரண்டியை வைத்துவிட்டேன்.

போன வருடம் என் மகள் நுஸ்ராவின் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை முடிவு வரப்போகிறது என்றதும், அவளுடைய சுட்டெண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். அந்த எண் கையிலிருந்தால் யாரும் இணையத்தில் அவளுடைய பெறுபேற்றைப் பார்க்கலாம். எல்லோரும் துஆ செய்யுங்கள் என்று வேறு எழுதினேன். பெருமைதான், வேறென்ன? வெளிநாட்டிலிருக்கும் வாப்பாமாருக்கு இந்த நோய் தெரியும். பிள்ளையின் பெறுபேறுதான் நாமும் இன்னும் ஊரில் இருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி. நான் மீன் தொட்டிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபோது, கல்முனையில் கடை வைத்திருக்கும் மச்சான் முதலில் பார்த்துவிட்டு, குறூப்பிலேயே குரல்பதிவு போட்டார்.

"மச்சான், கணக்கு மட்டும் போயிட்டு. மத்த எட்டும் நல்லம். கவலப்படாதீங்க."

நுஸ்ரா அதுவரை பார்த்திருக்கவில்லை. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு மாமிமார் மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வருவதுபோல் வந்து கட்டிக்கொண்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

கணிதம் இல்லாமல் அவள் ஆசைப்பட்ட வர்த்தகப் பிரிவில் சேர்க்க முடியாது என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். தோழிகள் உயர்தர வகுப்புக்குப் போனார்கள். இவள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பிழைத்த கணக்கை மூன்று நாள் விட்டு மறுபடி செய்து பார்ப்பாளாம். இதெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னோடு ஒரு ஸலாம் மட்டுந்தான், பிறகு போன் தாயின் கைக்குப் போய்விடும். மறுபடி எழுதி முடித்த அன்று மட்டும் ஒன்று சொன்னாள்.

"இந்த முற நம்பர் ஆருக்கும் இல்ல. வாப்பாவுக்கும் இல்ல."

பாக் மகனைப் பற்றிச் சொன்ன அன்று, வேலை முடிந்ததும் நுஸ்ராவோடு கதைத்தேன். விஷயத்தைக் கேட்டவள் போனைத் தாயிடம் கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் முன்னாலயா சொன்னாரு?"

"ஓம் மகள்."

"நீங்க உங்கட ரூம்ல என்னப் பத்தி என்ன சொல்லி வெச்சிரிக்கீங்க?"

அறையில் என்னோடு நம் நாட்டின் வேறு ஊர்க்காரர் மூவர். மகள் உயர்தரம் படிக்கிறாள் என்று அவர்களிடம் அளந்து வைத்திருந்தேன்.

"பொய் சொல்லி வெச்சிரிக்கன், மகள்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்கில் தவறியதைவிட, வாப்பாவுக்குத் தன்னைச் சொல்லக் கூச்சம் என்பதுதான் அவளை இவ்வளவு நாளும் வாட்டியிருக்கிறது. அன்று சாப்பிடும்போது மூவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருவர், தன் மகனுக்கும் இரண்டு தடவை கணிதம் போனது என்றார். மற்ற இருவரும் கறியைப் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, வேலைக்கு நடுவில் போன் அதிர்ந்தது. நுஸ்ராவிடமிருந்து ஓர் எண். அதன் கீழே ஒரு வரி: "நான் இன்னும் பார்க்கல்ல. நீங்க பார்த்துச் சொல்லுங்க வாப்பா."

பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்று அந்த எண்ணை இணையத்தில் அடித்தேன். நாலாவது முயற்சியில்தான் பக்கம் திறந்தது. கணிதம்: எஸ். அதற்குக் கீழே போனால் பாஸ் கிடையாது. அதற்கு மேலே எனக்கு ஒன்றும் தேவைப்படவுமில்லை. உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ், மகள்!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். "பக்கத்துல ஆரு இரிக்கா வாப்பா?"

"ஒருத்தருமில்ல. நான் மட்டுந்தான்."

"அது போதும்," என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவனை பாக் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த கொரிய மொழியில், மகள், கணிதம், முடிவு என்று சொல்லி, ஆகக் கீழே உள்ள தரம் என்று கையைத் தாழ்த்திக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "க்வென்ச்சானா, க்வென்ச்சானா," பரவாயில்லை என்று முதுகில் தட்டி, சூடான கோப்பி டின் ஒன்றை வாங்கித் தந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது அவரை இன்னும் கலக்கிவிட்டது.

அதற்குள் குடும்ப குறூப் விழித்துவிட்டது. "ரிசல்ட் வந்திட்டாமே, நம்பர அனுப்புங்க மச்சான்." விரல் தானாகவே எண்ணைத் தட்டியது. அனுப்பாமல் அழித்தேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்த நல்ல செய்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அதைக் கெட்ட செய்தி என்று நினைத்து எனக்காக வருந்திய அந்த ஒரே மனிதரின் பக்கத்தில் நின்று கோப்பியைக் குடித்து முடித்தேன்.