மீதியை வெள்ளித்திரையில் காண்க

மயிலாப்பூர் சுவாமிநாதன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பழைய படங்களின் பாட்டுப் புத்தகம் சேர்க்கும் பைத்தியம். பீரோவில் வேட்டியைவிடப் புத்தகம்தான் அதிகம். அதில் ‘நிலைப்படி’க்கு மட்டும் தனி உறை. ஒரே வாரம் ஓடிப் பெட்டிக்குள் முடங்கிய படம். பேய் கிடையாது, பிசாசு கிடையாது. ஜமீன் காலத்து வீட்டில் ஒருத்தி பயப்படுகிறாள், அவ்வளவுதான். அதற்குத்தான் சேகரிக்கிறவர்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

புத்தகத்தில் கதைச்சுருக்கம் ஒன்றரைப் பக்கம். ரங்கூனிலிருந்து கணவன் திரும்பி வருகிறான். அதே முகம், அதே குரல். மனைவியோ இவன் அவரில்லை என்கிறாள். ‘பிறகு என்ன ஆயிற்று? மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடித்துவிட்டான் அதை எழுதிய புண்ணியவான். நாற்பது வருஷமாக அந்த வரியைப் படித்துச் சிரித்தவர் சுவாமிநாதன்.

போன ஆடியிலிருந்து சிரிக்க முடியவில்லை. காபியை நீட்டியவரைப் பார்த்து அவர் மனைவி நீரஜா, “எங்காத்துக்காரர் சட்டையை ஏன் போட்டுண்டிருக்கேள்?” என்று கேட்டாள். டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். அவளோ படுக்கையறையை உள்ளே தாழிட்டுக்கொள்ளத் தொடங்கினாள். காய் நறுக்கும் கத்தி அவள் தலையணைக்கடிக்குப் போயிற்று. சொந்த வீட்டில் சத்தம் கேட்காமல் நடக்கப் பழகினார் சுவாமிநாதன். அவளைக் கண்டும் பயம், அவளுக்காகவும் பயம்.

பாலவாக்கம் லாய்டு இன்னொரு பைத்தியம், ரீல் சேர்ப்பவர். ‘நிலைப்படி’யின் கடைசி ரீல் மட்டும் அவரிடம் இருந்தது. பல வருஷமாக லாய்டு கேட்டும் கொடுக்காத அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தை சுவாமிநாதன் தானே கொண்டுபோய்க் கொடுத்து, ரீலை ஓட்டிக் காட்டச் சொன்னார். சத்தம் அழிந்திருந்தது, படம் தெரிந்தது. கணவன் சண்டை போடவில்லை. வெளியே போய், விருந்தாளி மாதிரி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். சுபம்.

மறுநாள் காலை சுவாமிநாதன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தன் வீட்டு மணியையே அடித்தார். நீரஜா கதவை லேசாகத் திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“வந்துட்டேளா? சீக்கிரம் உள்ளே வாங்கோ. உங்களை மாதிரியே ஒருத்தன் இங்க இருக்கான். இப்பத்தான் வெளில போனான்.”

கையைப் பிடித்து உள்ளே இழுத்து, மேல்தாழ்ப்பாளையும் போட்டாள். எத்தனை மாதம் கழித்து அவள் தொடுகிறாள்! அவருக்குக் கண் கலங்கியது. அதற்குள் அவள் தலையணைக்கடியிலிருந்து கத்தியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

“அவன் திரும்பி வந்தா விடப்படாது.”

விட மாட்டேன் என்றார். நாளைக்கு அவள் கண் விழிக்கும்போது தான் எவனாக இருப்போம் என்று அவருக்குத் தெரியவில்லை.