வெள்ளி இன்னும் போகவில்லை

என் வீட்டுச் சுவரில் ஒரு தினக் காலண்டர் தொங்குகிறது. என்றைக்குப் பார்த்தாலும் அதில் வெள்ளிக்கிழமைதான். ஒரு தாளைக் கிழித்தால் அடியிலும் வெள்ளி, அதற்கும் அடியில் வெள்ளி என்று கட்டிய காலண்டர். தேதிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடக்கும், கிழமை மட்டும் மாறாது. வருகிறவர்கள், என்னம்மா இது இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். எங்கள் சித்தூர், திருப்பதிப் பக்கம் டி.வி. பார்த்தவர்களுக்கு மட்டும் கேட்கத் தேவையிருக்காது. என் தாய்மாமா பதினைந்து வருடம் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்த காலண்டர் இது.

தெலுங்கர்கள் தமிழை அரவம் என்பார்கள். திருப்பதி சேனல் ஒன்றில் மாமா ‘அரவ மாமா’வாக வருவார். நகரியிலிருந்து மனு கொடுக்கப் போகும், தெலுங்கு அரைகுறையாகத் தெரிந்த ஆள். எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசலில் நிற்கும் பியூன் “சாரு வெள்ளிப்போயாரு” என்பான். சார் கிளம்பிப் போய்விட்டார் என்று அர்த்தம். மாமா அதைத் தமிழாகவே கேட்பார். காலண்டரை எடுத்து விரிப்பார். “வெள்ளி போயிடுச்சா? இதோ கீதே!” ஒரு தாளைக் கிழிப்பார். “இன்னும் கீதே!” இன்னொன்று. “எத்தினி கிழிச்சாலும் வெள்ளி போவலியே சாமி! சாரு உள்ளதான் கீறாரு, கூப்புடு!” அவ்வளவுதான் ஜோக். ஆபீஸ் ஆபீசாக அலைந்து ‘சார் இல்லை’ கேட்டு நொந்த சனம், அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரே ஜோக்கைப் பதினைந்து வருடம் வைத்துப் பிழைத்த மனிதர் என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைகளைப் பொறுக்கிக் கொடுத்தது நான்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில், சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு கடையாக ஏறி, முந்தின நாள் தாளைக் கேட்டு வாங்குவேன். மருந்துக் கடை, நூல் கடை, சைக்கிள் கடை. எண்ணெய்க் கறையோடு மளிகைக் கடைக்காரர் தருவதையும் விடமாட்டேன். மாமா அவற்றை அட்டையில் அடுக்கிக் கம்பி போட்டு முறுக்குவார். ஒருமுறை, ஒரு சனிக்கிழமையையும் நடுவில் வைத்தால் இன்னும் சிரிப்பாக இருக்குமே என்றேன். கம்பியை முறுக்கிய கை நின்றுவிட்டது.

“அது மட்டும் வோணாம் பாப்பா. தெலுங்குல வெள்ளின்னா கெளம்பிப் போனான். சனிப்போயாடுன்னா ஆளே பூட்டான். செத்துப் பூட்டான்னு அர்த்தம். ஒரு நாள்தான் வித்தியாசம், பாத்துக்கோ. நம்ம காலண்டர்ல சனியே கெடையாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கடைசிவரை ஒரு சனித் தாளையும் அவர் உள்ளே விடவில்லை.

அவருக்குக் கல்யாணமில்லை, பிள்ளையில்லை. இருந்தது நான்தான். நுரையீரல் கெட்டுத் திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் காலண்டரைக் கூடவே கொண்டுபோனார். நர்சுகளிடம் நடித்துக் காட்டுகிறார், வார்டே கலகலவென்றிருக்கிறது என்று கேள்விப்பட்டு, நானும் அசட்டையாக இருந்துவிட்டேன். சிரிக்கவைக்கிற மனிதன் சாகமாட்டான் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஒரு புதன்கிழமை போன் செய்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

“வெள்ளிக்கிழம ஒரு நடை வந்துட்டுப் போயேன் பாப்பா.”

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். “ஷிப்ட் மாத்திக்க முடியல மாமா. சனிக்கிழம காலைல வந்துர்றேன்” என்றேன்.

“சனியா? சரி, சனியே வா. நம்மகிட்ட அது கெடையாதே, எங்கனா தேடிப் புடிக்கிறேன்” என்றார். நான் சிரித்தேன். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்தபோது அது அடித்துக்கொண்டிருந்தது. கேன்டீனில் தட்டுகளின் இரைச்சல். ஒரு பெண் குரல், தெலுங்கில்: “மீ மாமய்ய சனிப்போயாரம்மா.”

எனக்குத் தெலுங்கு தெரியாதா? தெலுங்கில் படித்தவள், தெலுங்கில் வேலை பார்க்கிறவள். ஆனால் ‘மாமா’ என்ற சொல்லோடு சேர்ந்து வந்ததால், அவர் பழக்கிவிட்ட காது அதைத் தமிழாகத்தான் கேட்டது. மாமா நர்சைப் பிடித்துப் பேசவைத்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். “ஆமாங்க, சனிதான்! நாளைக்கு வந்துர்றேன்னு அவர்கிட்ட சொல்லுங்க!” என்றேன்.

அந்தப் பெண், குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகக் கேட்டாள். “அர்த்தம் காலேதா அம்மா?” புரியவில்லையா என்று.

புரிந்தது. கையில் சோறு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், என்னடி ஜோக்கு, எங்களுக்கும் சொல்லு என்றாள்.

நகரியில் மாமாவை எடுத்த அன்று சித்தூரிலிருந்தும் காணிப்பாக்கத்திலிருந்தும் முன்பின் தெரியாத சனமெல்லாம் வந்திருந்தது. வாசலில் இளவட்டங்கள் போனில் அவருடைய வீடியோவைப் போட்டுப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அம்மா தன் தம்பியின் காலடியில் உட்கார்ந்து, “செத்தும் சிரிக்க வெச்சிக்கினு கீறான் பாவி. நீயும் அழுதுடுடீ, அடக்கிக்கினு இருக்காத” என்றாள். நான் எப்படி அழுவது? அவர் செத்த சேதிக்கு முதலில் சிரித்தவள் நான். அம்மாவிடம்கூட இதை இன்றுவரை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையைப் பல மாதம் பிரிக்கவில்லை. பிறகு ஒருநாள், வீட்டில் யாருமில்லாத மத்தியானம், மனசு தாளாமல் காலண்டரை வெளியே எடுத்தேன். அவர் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது, வேறொன்றுமில்லை. “வெள்ளி போயிடுச்சா? இதோ கீதே” என்று நானே சொல்லிக்கொண்டு மேல் தாளைக் கிழித்தேன்.

அடியில் சனிக்கிழமை.

தெலுங்கில் அச்சடித்த தாள். நகரிக் கடைத் தாள் இல்லை, வார்டுச் சுவரில் தொங்கியதாக இருக்கவேண்டும். நான் வருகிறேன் என்று சொன்ன அதே தேதி. கம்பியைப் பிரித்து, அதற்கென்று துளை போட்டு, மறுபடி முறுக்கியிருக்கிறார். துளை கோணலாக விழுந்திருக்கிறது. பதினைந்து வருடம் அண்டவிடாத சனியை, நான் வருவதற்காக மாமா தேடிப் பிடித்துக் கட்டி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் கேட்காமல் விட்ட ஒரு நாள் லீவுக்காக.

கத்தினேன். தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். ஆறவில்லை. இனி ஆறும் என்றும் தோன்றவில்லை.

கிழித்த வெள்ளிக்கிழமையைக் குண்டூசி குத்தித் திரும்ப மேலே வைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நேற்றுப் பக்கத்து வீட்டம்மா வந்தவர், இன்னும் வெள்ளியிலேயே நிற்கிறதே என்றார். இன்னும் வெள்ளி போகவில்லை என்றேன். அவருக்கு உடனே மாமா ஞாபகம் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.