பாய்லரை விட்டுப் போகப் பார்த்தேன்

எண்ணெய்ப்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவன் நான், இருபத்திரண்டு வருடமாக. ஆலையை வேறு கம்பெனி வாங்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் வேலை போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில் என் மைத்துனன்கூட தெய்வமாகத் தெரிந்தான்! புஞ்சாக் ஆலாமில் ஒரு கிடங்கில் அவன் காவலாளி.

“மச்சான், இப்பல்லாம் கேபிள் இருந்தாத்தான் வேல, உள்ள ஆளு தெரிஞ்சிருக்கணும். இங்க சூப்பர்வைசர் நம்ம ஆளு லா. நீங்க மொதல்ல அங்க லெட்டர் குடுங்க, திங்கக்கெழம இங்க வந்து நில்லுங்க.”

வெள்ளிக்கிழமை ராஜினாமா எழுதி ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கொடுத்தேன். எங்கள் ஆலையில் எந்தக் காகிதமும் அவர் கை வழியாகத்தான் மேனேஜரிடம் போகும். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. புது வேலையில் சேர்ந்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று ஒரு நினைப்பு. எனக்கு எப்போதுமே அவசரப் புத்தி.

திங்கட்கிழமை போனால் அந்தச் சூப்பர்வைசரே இல்லை. போன மாதமே ஜொகூருக்கு மாற்றிவிட்டார்களாம்; ராத்திரிக் காவலுக்கு மட்டும் வருகிற மைத்துனனுக்கு அது தெரியவில்லை. அவர் இடத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா அங்கிள்?”

“பாய்லர்மா. இருபத்திரண்டு வருஷம்.”

“இங்க பாய்லர் இல்லையே. ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க அங்கிள்.”

மைத்துனன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. விட்டு என்ன செய்ய, கையெழுத்துப் போட்டது நான்தானே!

மோட்டார்சைக்கிளை நேராக ஆலைக்கு விட்டேன். எங்கள் தொழிற்சங்கச் செயலாளர், ஆலை ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் சோதிக்கிற ஒரு பெண்; தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். சங்கக் கூட்டத்துக்குப் பிரியாணி போட்டால் மட்டுமே தலைகாட்டுகிற நான், அன்றைக்கு அவள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“யாரக் கேட்டுண்ணே லெட்டர் குடுத்தீங்க? ஆலை கை மாறினாலும் நம்ம சர்வீஸ் அப்படியே தொடரணும்னு ஒரு மாசமா தொண்டத்தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கோம். நீங்களா எழுதிக் குடுத்துட்டா அத்தன வருஷமும் போச்சே!”

அவள் என்னைக் கிராணியிடம் இழுத்துப் போனாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து என் கடிதத்தை எடுத்தார். மேனேஜரிடம் அது போகவே இல்லை! கோபத்திலும் குழப்பத்திலும் எழுதுகிறவர்கள்தான் அதிகம் என்பதால், யார் ராஜினாமா கொடுத்தாலும் மூன்று நாள் உள்ளேயே வைத்திருப்பது அவர் வழக்கமாம். ஆலை முழுக்கத் தெரிந்த விஷயம். பாய்லர் சத்தத்திலேயே கிடந்த எனக்குத்தான் தெரியவில்லை.

“நீயே வந்து கேப்பேன்னு தெரியும். இந்தா, கிழிச்சுப் போடு,” என்றார்.

அப்பாடா! அங்கேயே கிழித்தேன். அடுத்த வாரம் புதுக் கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அறிவிப்புப் பலகையில், பழைய சர்வீஸோடு தொடர்கிறவர்களின் பெயர்ப்பட்டியலை ஒட்டினார்கள். விரலை வைத்துத் தேடினேன். என் பெயர் இருந்தது. பக்கத்திலேயே ‘பாய்லர், இருபத்திரண்டு ஆண்டு’ என்று போட்டிருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் தம்பியைத் திட்டினாள், பிறகு என்னை. திட்டி முடித்து, “இப்ப வேல இருக்குதானே?” என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. இருந்த வேலையிலேயே இருக்கிறேன் என்பதற்காக ஒரு மனிதன் அப்படி அழுவானா? நான் அழுதேன்.