தலையில்லாத பதினோராவது படம்

வாமன் மடாவிக்குப் புலி காட்டுவது தொழில். சந்திரபூர் மாவட்டத்துக் காட்டில், பேல்கட்டா வாசலில் பதினேழு வருஷமாக வழிகாட்டி. காக்கிச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், ஜீப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. புலி வராத நாளில் காலடித் தடத்தைக் காட்டுவான். தடமும் கிடைக்காத நாளில் மரங்கொத்தியைப் பற்றிப் பேசுவான். மரங்கொத்தியைப் பற்றி அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்தே, அந்தக் காட்டில் புலி வராத நாட்கள் எத்தனை என்று ஊகித்துவிடலாம்.

அவனைப் பெரிய ஆளாக்கியது பைஞ்சண் என்ற பெண்புலி. பைஞ்சண் என்றால் கொலுசு. அவளுடைய வலது முன்னங்காலில், பாதத்துக்கு ஒரு சாண் மேலே, கறுப்பு வரி ஒன்று முழு வளையமாகச் சுற்றியிருக்கும். அவளோடு ஒரே ஈற்றில் பிறந்த தங்கை தாக்டிக்கும் அதே காலில் அதே வரி உண்டு. ஆனால் வெளிப்பக்கம் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நின்றுவிடும். அக்காவும் தங்கையும் எதிரெதிரே வந்தால்கூட அந்த விரற்கடையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பைஞ்சண் ஊருக்கு அருகில் ஓடைப் பக்கம் மூன்று குட்டிகளோடு இருந்தாள். தாக்டி மலைக்கு அந்தப் பக்கம். பைஞ்சணைப் பார்க்கக் கடல் கடந்து வந்தார்கள். தாக்டியைப் பார்த்தவர்கள் பைஞ்சணைப் பார்த்ததாகவே ஊருக்குப் போய்ச் சொன்னார்கள்.

வாமனிடம் ஒரு கேமரா இருந்தது. அதில் சின்ன ஜூம் லென்ஸ் ஒன்று. அந்த லென்ஸில் புலி தூரத்தில் இருக்கும், ஆனால் புலியாக இருக்கும். வருகிறவர்கள் பீரங்கி மாதிரித் தூக்கிக்கொண்டு வரும் லென்ஸ்களைப் பதினேழு வருஷம் பார்த்தவனுக்கு ஆசை வராமல் இருக்குமா? மாசி மாதம் நாக்பூர் போய், சின்னதைக் கொடுத்துவிட்டு, முழங்கை நீளத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். புதியதில் புலி பக்கத்தில் வந்தது. ஆனால் இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய புலியாக வந்தது. மீசை பஞ்சு. வரிகள் மை கொட்டிய துணி. ஜீப்பில் வருகிறவர்கள் இதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள்: “சாஃப்ட்டா இருக்கே, பாவு.” பாவு என்றால் அண்ணன். துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்வார்கள்.

நாக்பூர்க் கடைக்காரருக்குப் போன் செய்தான்.

“புது லென்ஸ் பாவு, புதுச் செருப்பு மாதிரி. கொஞ்ச நாள் கடிக்கும், அப்புறம் பழகிடும்.”

“செருப்பு கடிச்சா கால்ல தெரியும் சேட். இதுல புலிக்குக் காலே தெரியல.”

“வெயில் காலம்ல. சூட்டுல காத்து ஆடுது. லென்ஸ் என்ன பண்ணும்?”

“விடியக்காலையில எடுத்தேன்.”

“அப்ப வெளிச்சம் பத்தலை,” என்றார் கடைக்காரர். அவரிடம் நாளின் எல்லா வேளைக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பங்குனியில் இலுப்பைப் பூ உதிரும். ஊர்ப் பெண்கள் இருட்டு பிரியும் முன் கூடையோடு காட்டோரம் போய்ப் பொறுக்குவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை, குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த சேவந்தா என்ற பெண்ணைப் புலி அடித்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரி, வாமனின் மனைவி விமலுக்குச் சந்தைப் பழக்கம். ஒரு மாதத்தில் இரண்டாவது சாவு.

இடத்துக்கு அருகில் மரத்தில் கட்டியிருந்த வனத்துறையின் தானியங்கிக் கேமராவில், ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒரு புலி பதிவாகியிருந்தது. உடல்வாகையும் முதுகு வரியையும் பார்த்து, அக்கா தங்கை இருவரில் ஒருத்தி என்பது வரைக்கும் சொல்ல முடிந்தது. விலாவையும் காலையும் புல் மறைத்திருந்தது.

அதே செவ்வாய்க்கிழமை ஆறு இருபதுக்கு வாமன் ஏரிக்கரையில் இருந்தான். அந்த இடத்துக்கும் ஏரிக்கும் ஒன்பது கிலோமீட்டர், நடுவில் ஒரு மலை. ஜீப்பில் இந்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். கைபேசிகளை விதிப்படி வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். எதிர்க்கரையில் ஒரு பெண்புலி இடமிருந்து வலமாக நடந்து போனது. “பைஞ்சண்,” என்றான் வாமன். அவர்கள் கும்பிட்டார்கள். அவன் படம் எடுத்தான்.

இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரே புலி இரண்டு இடத்திலும் இருக்க முடியாது. ஆகவே ஏரியில் நடந்தது பைஞ்சண் என்றால், பெண்ணைக் கொன்றது தாக்டி. இவ்வளவுதான் வழக்கு. வாமன் மத்தியானமே வனச்சரகர் உஜ்வலா தோங்க்ரேயிடம் கேமராவோடு ஓடினான். அவர் திரையில் காலைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

“இது என்ன வாமன், வெண்ணெயில செஞ்ச காலா?”

“வளையம் இருக்கு மேடம். முழு வளையம்.”

“கரியைத் தேய்ச்ச மாதிரி இருக்கு. வளையமா, வளையத்துல ஓட்டையா, எனக்குத் தெரியல.”

“நான் கண்ணால பாத்தேன்.”

“உன்னை நான் நம்பறேன். நான் நம்பறதை அறிக்கையில எழுத முடியாது.” கேமராவைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்: “வெள்ளிக்கிழமை கமிட்டி. மிருக டாக்டர் வர்றார், நாக்பூர்ல இருந்து அதிகாரி வர்றார். ரெண்டுல ஒண்ணைப் பிடிக்க உத்தரவு வரும். உடம்பு கிடந்தது பைஞ்சண் பக்கம். தெளிவா ஒரு படம் இருந்தா கொண்டு வா.”

பிடித்தால் ஆயுசுக்கும் கூண்டுதான். குட்டிகளுக்கு இன்னும் வேட்டை தெரியாது. இதெல்லாம் வாமனுக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாக்டி கூண்டுக்குப் போவதைப் பற்றி அவனுக்கு ஒரு வருத்தமும் எழவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

புதனன்று மாட்டுத் தொழுவத்துச் சுவரில் மராத்திப் பேப்பரை ஒட்டி, முப்பதடி தள்ளி நின்று படம் எடுத்தான். லென்ஸின் துளையைக் குறைத்து எடுத்தான், கூட்டி எடுத்தான். மாட்டு வண்டியின் மேல் கேமராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு எடுத்தான். நாக்பூரில் நடந்த ஒரு பால் கூட்டுறவுத் தேர்தல் செய்தியை மட்டும் அவன் அறுபது தடவை எடுத்திருப்பான். ஜீப் ஓட்டுநர் நாம்தேவ் வேலியோரம் உட்கார்ந்து யோசனை சொன்னான்.

“அரிசி மூட்டையில புதைச்சு வை பாவு. என் போன் நனைஞ்சப்ப அப்படித்தான் சரியாச்சு.”

“இது நனையல.”

“படம் நனைஞ்சிருக்கே.”

விமல் சோள ரொட்டியும் மிளகாய்த் தொக்கும் கொண்டுவந்து வண்டிமேல் வைத்தாள். “சின்னக் குழாய் இருந்தப்ப புலி இருந்துச்சு. பெரிய குழாய் வந்ததும் புலி போயிடுச்சு. இன்னும் பெருசா ஒண்ணு வாங்குங்க, காடே போயிடும்.”

“பைஞ்சணைக் கூண்டுல போடப் போறாங்க, விமல்.”

“ஒருத்தியைக் குழியிலயே போட்டாச்சு,” என்றாள் அவள். “அவளுக்காக நீங்க யாருக்கும் போன் பண்ணி நான் பாக்கல.”

அவன் ரொட்டியைத் தின்றான்.

வியாழன் மத்தியானம் ஒன்று கவனித்தான். எல்லாப் படத்திலும் பேப்பரின் வலது பத்திகளைப் படிக்க முடிந்தது. இடது பத்திகள்தான் கரைந்து கிடந்தன. சுவர்தான் கோணல் என்று நினைத்து, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம் எடுத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இப்போது வலது பத்திகள் கரைந்தன, இடது தெளிந்தது. ஆக, கோணல் சுவரில் இல்லை. லென்ஸின் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. படத்தின் இடது பக்கம் எப்போதும் கூழ். வலது ஓரம் கத்தி.

ஏரிக்கரைப் படங்களை மறுபடி திறந்தான். புலி வலப்பக்கம் நடந்ததால், முகத்துக்கு முன்னால் இடம் விட்டு, அவளை இடது பக்கமே வைத்து எடுத்திருந்தான். பத்துப் படம், பத்தும் அழகு, பத்தும் கூழ். பதினோராவதாக ஒன்று இருந்தது. நாம்தேவ் வண்டியைக் கிளப்பியபோது குலுங்கி எடுத்தது. புலியின் தலை படச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. தோளும் முன்னங்கால்களும் மட்டும் வலது ஓரத்தில் நின்றன. தலையில்லாத புலியை எவன் பார்ப்பான்? பதினேழு வருஷத்தில் தலையில்லாத படத்தை அவன் இரண்டாவது தடவை பார்த்ததில்லை. செவ்வாயன்றும் பார்க்காமல் தள்ளிவிட்டிருந்தான்.

இப்போது பெரிதாக்கினான். சேறு காய்ந்த ரோமம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கறுப்பு வரி காலைச் சுற்றி வந்தது. வந்து, வெளிப்பக்கம், ஒரு விரற்கடை விட்டு நின்றது.

தாக்டி.

வாமன் திரையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தான். நிழலில் வைத்துப் பார்த்தான். கேமராவைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தான். மூன்று நாளாகத் தெளிவு வேண்டும் என்று அலைந்தவனுக்கு, கிடைத்த தெளிவில் ஒரு புள்ளி மங்கல்கூட இல்லை. ஏரிக்கரையில் தான் பைனாகுலரைத் தூக்கும் முன்பே “பைஞ்சண்” என்று சொல்லிவிட்டது இப்போது நினைவுக்கு வந்தது. இந்தூர்க்காரர்கள் அந்தப் பெயருக்காகத்தான் வந்திருந்தார்கள். சொன்ன பிறகு பார்த்ததால் வளையம் முழுதாகத் தெரிந்தது.

கேமராவை நாம்தேவ் கையில் கொடுத்தான். நாம்தேவ் நெடுநேரம் பார்த்தான்.

“இதை யாரெல்லாம் பாத்தாங்க?”

“நானும் நீயும்.”

“நான் பாக்கல,” என்றான் நாம்தேவ், கேமராவைத் திருப்பிக் கொடுத்து. “மேடம் என்ன கேட்டாங்க? தெளிவான படம் இருந்தா கொண்டு வான்னாங்க. இல்லைன்னா இல்ல. மத்த பத்தையும் பாத்து அவங்க தலையைச் சொறியட்டும். பைஞ்சண் போயிட்டா இந்த வாசல்ல நீ எதைக் காட்டுவே? மரங்கொத்தியையா?”

வாமன் குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானை அழுத்தினான். அழிக்கலாமா என்று திரை கேட்டது. ஒரு பொத்தானுக்கும் இன்னொரு பொத்தானுக்கும் நடுவே அவன் கட்டைவிரல் நின்றது. குட்டிகளில் ஒன்று இடது காதில் முள் கிழித்த தழும்போடு இருக்கும். அதற்குப் பெயர் வைத்ததே அவன்தான். திரை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, சலித்துப் போய் அணைந்தது.

முற்றத்தில் விமல் கூடைகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். வேலியில் இரண்டு பெண்கள் நின்று அவளிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார்கள்.

“கூடை எதுக்கு?”

“நாளைக்கு விடிய பன்னெண்டு பேரும் ஒண்ணாப் போறோம். மூணு நாளாப் பூவெல்லாம் விழுந்து மான் தின்னுது.”

“எந்தப் பக்கம்?”

“ஓடைப் பக்கம்தான். மலைப் பக்கம் எவ போவா, அங்கதானே தாக்டி இருக்கா.” அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கூடையைக் கீழே வைத்தாள். “என்ன? கொன்னது தாக்டின்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே. டீக்கடையில சத்தியம் பண்ணீங்களாம்.”

பண்ணியிருந்தான். டீக்கடையில் ஒரு தடவை, ரேஷன் கடையில் ஒரு தடவை.

“ஓடைப் பக்கம் போகாதே.”

“ஏன்?”

“யாரும் போகாதீங்க. அந்த ரெண்டு பேர்கிட்டயும் இப்பவே போய்ச் சொல்லு.” கேமராவைக் கழுத்தில் மாட்டினான். “நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

விமல் முந்தானையைச் செருகிக்கொண்டு, வேலியைத் தாண்டி, போன பெண்களின் பெயரைக் கூப்பிட்டபடி ஓடினாள். வாமன் சைக்கிளை எடுத்தான். நாம்தேவ் பின்னால் நின்று, “பாவு, ஒரு ராத்திரி யோசிச்சுட்டுப் போயேன்,” என்றான். யோசித்தால் போகமாட்டோம் என்று வாமனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கமிட்டி பதினோராவது படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்த்தது. நாக்பூர் அதிகாரி எழுந்துபோய் அந்த இடைவெளியில் விரலை வைத்தார். பைஞ்சணைப் பிடிக்க உத்தரவு எழுதி, கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. கடைசியில் அவர், “நல்ல ஷார்ப்பான லென்ஸ். என்ன மாடல்?” என்று கேட்டார். வாமன் சொன்னான். அவர் குறித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஓடைக்கு மேலே மூங்கில் மறைவில் ஜீப் நின்றது. மயக்க ஊசித் துப்பாக்கியோடு டாக்டர், வனச்சரகர், வாமன், ஸ்டியரிங்கில் நாம்தேவ். உத்தரவில் ஒரு வரி இருந்தது: வளையத்தைப் படத்தில் உறுதி செய்யாமல் சுடக் கூடாது. அக்கா தங்கை மாறிவிடக் கூடாதல்லவா. அந்த வேலைக்கு வாமனைத்தான் கூட்டி வந்திருந்தார்கள். இடம் தெரிந்தவனும் அவன், கேமரா வைத்திருந்தவனும் அவன்.

எண்பதடி தள்ளி அவள் கால்களை மடக்கிப் படுத்திருந்தாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். எழுந்திருக்காதே என்று வாமன் மனதுக்குள் சொல்லிக்கொண்டே, எழுந்தால் எடுக்கத் தோதாக, காலி மூங்கில் புதரைச் சட்டத்தின் இடப்பக்கம் முழுக்க நிரப்பி, அவளை வலது ஓரத்தில் வைத்துக்கொண்டான். இடது ஓரத்தில் வைத்திருந்தால் எவரும் குற்றம் சொல்ல முடியாது. லென்ஸ் அப்படி. அதுவும் அவனுக்குத் தோன்றாமல் இல்லை.

எழுந்தாள். சோம்பல் முறித்து, வலது முன்காலை நீட்டினாள். அழுத்தினான்.

டாக்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ரோமம், சேறு, வரி. வரி சுற்றி வந்து, இடைவெளி இல்லாமல் சேர்ந்திருந்தது.

“சொல்லு வாமன்,” என்றார் வனச்சரகர் மெதுவாக. “நீ சொல்லணும்.”

“முழு வளையம் மேடம்.”

துப்பாக்கி தும்மியது போல ஒரு சத்தம். அவள் தொடையைத் திரும்பிப் பார்த்தாள், ஓடையை நோக்கி நாலு எட்டு வைத்தாள், உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குட்டிங்க எங்கேன்னு தெரியுமா?”

வாமன் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி நாம்தேவின் மடியில் வைத்தான். “கீழ பாறை இடுக்குல,” என்றான். “கூட்டமா வராதீங்க. நான் முன்னால போறேன்.”